திரிசூலத்தில் இறங்கினால் வந்ததாகாது

“…அதனால வளைகாப்புக்கு நான் வருவேன்னு மட்டும் மனசுல வச்சுக்காதீங்க மாப்ள. ஏர்போர்ட்டுல ஒருத்தர வழியனுப்ப வந்தேன். வெயிலா இருந்துச்சு, இந்தப் பெஞ்சு காலியா இருந்துச்சு, உக்காந்தேன். அவ்ளோதான். உங்களப் பாத்தது தற்செயல்.”

இப்படிச் சொன்னவர் என் மனைவியின் அண்ணன். சொன்ன இடம் சென்னையில் திரிசூலம் மின்சார ரயில் நிலையம். அவருக்கும் என் மனைவிக்கும் நடுவில், மடியில் டிபன் பாக்ஸோடு நான் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தற்செயலை ஏற்பாடு செய்ய எங்களுக்குப் பதினெட்டு நாள் பிடித்திருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் வரப்போகிறது என்ற பேச்சு உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பேச்சு எங்கள் ஊரில் வந்து நின்று, கையசைத்துவிட்டுப் போகும். ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, தண்டவாளம் மட்டும் இல்லை. ரயிலேற வேண்டுமென்றால் அரியலூருக்கு பஸ் ஏற வேண்டும். அதனாலேயோ என்னவோ, ரயிலைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரிந்த அளவு ரயில் ஓட்டுகிறவருக்கே தெரியாது. எந்த வண்டி எங்கே நிற்கும், எத்தனை நிமிடம் தாமதம், எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேராக வரும் என்பதெல்லாம் பெரம்பலூர் டீக்கடையில் அத்துப்படி. நானும் அந்தக் கடையில் தேறியவன்தான்.

என் மனைவி அரியலூர்க்காரி. பெண் பார்க்கப் போன அன்று அவள் அண்ணன் என்னைக் கேட்ட முதல் கேள்வி வேலையைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ அல்ல.

“மாப்ள, உங்க ஊருல ரயில் நிக்குமா?”

“நிக்காதுங்க.”

“ஓடுமா?”

“அதுவும் இல்லைங்க.”

“அப்ப எங்க பொண்ணு கோச்சுக்கிட்டு எதுல வரும்?”

கூடியிருந்த சனம் சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “உங்க ஊரு சிமெண்டுத் தூசிக்குப் பயந்தே வராதுங்க” என்றேன். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஒத்துப்போயிற்று. முப்பது வருடம் மாறி மாறிக் கிண்டல் செய்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம், என் மகள் கல்யாணத்துக்கு நான் பேனர் அடிக்கும்வரை.

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் தாலி இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல் நடக்காது. வளைகாப்பு, காதுகுத்துக்கும் அப்படித்தான். மண்டப வாசலில் தென்னைமர உயரத்துக்கு ஒன்று நிற்க வேண்டும். மணமக்கள் நடுவில். சுற்றிலும் சொந்தபந்தம், அவரவர் மரியாதைக்கேற்ற அளவில். அதற்குப் படம் சேகரித்துக் கொடுத்தது நான். மச்சானின் படம் என்னிடம் ஒன்றுகூடத் தனியாக இல்லை. அவரிடமே கேட்டிருக்கலாம், மறந்துவிட்டேன். கடைக்காரர் அவசரப்படுத்த, செல்போனில் தேடி, ஒரு கூட்டத்துப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினேன். அது அவருடைய மாமனார் இறந்த அன்று எடுத்த படம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கல்யாணத்தன்று தாய்மாமன் சீர்வரிசையோடு மேளதாளம் முழங்க வந்தவர், பேனர் முன்னால் நின்றார். மேல் வரிசையில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஆள் உயரம். கடைசி வரிசை ஓரத்தில், தபால்தலை அளவில், நாலு நாள் தாடியோடு, கண் சிவந்து மச்சான். கீழே கொட்டை எழுத்தில் ‘வருக! வருக!’

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “என் மருமவ கல்யாணத்துல நான் ஒருத்தன்தான் மாப்ள அழுதுக்கிட்டே வரவேற்கிறேன்” என்றார். மகளுக்கு மாலை போட்டார், செய்ய வேண்டிய முறையெல்லாம் ஒன்று குறையாமல் செய்தார், பந்திக்கு வராமல் காரில் ஏறிவிட்டார். தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அது சாதாரணமில்லை. மூன்று வருடம் பேச்சில்லை. அவர் சென்னையில், குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருக்கிறார். என் மனைவி பெரம்பலூரில். நடுவில் அந்த பேனர், நான் எப்போதோ கிழித்து மாட்டுக்கொட்டகைக்குப் படுதாவாகக் கட்டிவிட்ட பிறகும், நின்றுகொண்டே இருந்தது.

இப்போது விஜயவாடாவில் இருக்கும் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பைப் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் வைப்பதாகப் பேச்சு. தாய்மாமன் வீட்டு வளையல்தான் பிள்ளையின் கையில் முதலில் ஏற வேண்டும். அது ஏறாவிட்டால் மற்ற வளையலெல்லாம் வெறும் கண்ணாடி என்று என் மனைவி நினைத்தாள். ஆனால் அவர் கூப்பிடாமல் இவள் அவர் வீட்டுக்குப் போகமாட்டாள். இவள் வராமல் அவர் கூப்பிடமாட்டார்.

மகளை அழைத்துவர விஜயவாடாவுக்கு டிக்கெட் எடுத்தேன். அரியலூரிலிருந்து காலை ரயிலில் தாம்பரம் போய் இறங்கினால், சென்ட்ரலில் மதிய வண்டி பிடிக்கக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இடைவெளி. அதைச் சொன்னதும் என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள்.

“வழியோட எறங்குனா போனதா ஆவாதுங்களே?”

“எங்க?”

“எங்கயோ. ரயில் மாத்தத்தான் எறங்குறோம். பிளாட்பாரம் யாரு வூடும் இல்லல்ல?”

இதை அவளுடைய சித்தப்பாவிடம் கொண்டுபோனாள். சித்தப்பா அரியலூரில் ரயில்வே கேட் பக்கம் குடியிருப்பவர். வண்டிச் சத்தத்தை வைத்தே இது எந்த ரயில், எத்தனை நிமிடம் லேட் என்று சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார். அண்ணன் தங்கை இரண்டு பேரோடும் பேச்சு வைத்திருந்த ஒரே மனிதர் என்பதால் பஞ்சாயத்து அவரிடம் போனது. எந்த ஸ்டேஷனில் ‘தற்செயலாக’ப் பார்த்துக்கொள்வது என்பதுதான் வழக்கு.

பஞ்சாயத்து நடந்த முறையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சித்தப்பா கட்டிலில். எதிரே நாங்கள். கட்டில்மேல் செல்போன், ஸ்பீக்கரில் மச்சான். அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். ஆனாலும் எல்லாம் சித்தப்பா வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

“தாம்பரத்துலயே பாத்துக்கலாம்னு சொல்லுங்க சித்தப்பா” என்றாள் இவள்.

“தாம்பரமாம்பா.”

“தாம்பரம் வேணாம்னு சொல்லுங்க. அந்த வண்டியில வர்ற அரியலூர் சனம் பாதி அங்கதான் எறங்கும். சாயங்காலம் ஊரே பேசும்.”

“வேணாங்கிறான் புள்ள.”

“கேட்டுச்சு.”

“உனக்கு எப்படிக் கேக்கும்? நான் இப்பதானே சொல்றேன்!”

குரோம்பேட்டை என்றார் சித்தப்பா. அங்கே இறங்கினால் அண்ணன் வீட்டு வாசலுக்கே தான் போனதாக ஆகும் என்று இவள் மறுத்தாள். எழும்பூர் என்றார். அது பெரிய ஸ்டேஷன், அங்கே வந்தால் தங்கச்சியை வரவேற்க வந்ததாக ஆகும் என்று மச்சான் மறுத்தார். மாம்பலம் என்றேன் நான். “ஜவுளி எடுக்கப் போனாங்கன்னு பேராயிடும். தவிர அந்தக் கூட்டத்துல அண்ணனா தங்கச்சியான்னே தெரியாது” என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கிண்டியில் அவருடைய ஆபீஸ்காரர்கள் ஏறி இறங்குவார்களாம். பழவந்தாங்கலில் இவளுக்குப் பேரே பிடிக்கவில்லை. கடைசி ஸ்டேஷனான கடற்கரைவரை ஒன்று விடாமல் பேச்சிலேயே போய்த் திரும்பினோம். நாலு நாட்டு எல்லையைப் பிரிப்பவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டார்கள்.

பதினேழாவது நாள் சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

“திரிசூலம். ஒரு பக்கம் ஏர்போர்ட், ஒரு பக்கம் மலை, அடிவாரத்துல சிவன் கோயில். எவனாச்சும் கேட்டா அவன் ஏர்போர்ட்டுக்கு வந்தான், நீ கோயிலுக்கு வந்த. ரெண்டு பேருக்கும் அங்க வூடு இல்ல, வேலை இல்ல, தெரிஞ்ச மூஞ்சி இல்ல. எறங்குனா வந்ததாவாது.”

“சரிங்கறேன்னு சொல்லுங்க” என்றார் மச்சான்.

அத்தோடு விட்டிருக்கலாம். புறப்படுகிற அன்று காலை அரியலூர் பிளாட்பாரத்துக்கு வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். “மாப்ள, மொதல்ல போயி உக்காந்துடாதீங்க. காத்துக்கிட்டு இருந்தவன்தான் தேடி வந்தவன்.” வண்டி நகர்ந்தது. இதையே அவர் மச்சானுக்கும் போனில் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தாம்பரத்தில் பதினொரு மணிக்கு இறங்கினோம். மூன்று பைகள், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் ஒரு மூட்டை, ஒரு தூக்கில் புளிச்சோறு. வெங்காயம் மகளுக்கு. புளிச்சோறு யாருக்கென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குள் இருந்த பெரம்பலூர் நிபுணர் விழித்துக்கொண்டார்.

“திரிசூலத்துக்கு முந்தின ஸ்டேஷன் பல்லாவரம். அங்க எறங்கி நிப்போம். அவர் திரிசூலம் போய்ச் சேந்துட்டாருன்னு சித்தப்பா சொன்னதும் அடுத்த வண்டியில போவோம். எப்படி?”

“எதுக்குங்க இதெல்லாம்?”

“உன் மரியாதைக்குத்தான்.”

பல்லாவரத்தில் இறங்கி நின்றோம். ஒரு வண்டி போனது. சித்தப்பாவுக்கு போன் போட்டேன். “அவன் இன்னும் கெளம்பலயாம்” என்றார். இன்னொரு வண்டி போனது. இன்னும் கிளம்பவில்லை. மூன்றாவது வண்டியையும் விட்டோம். வெங்காய மூட்டைமேல் ஒரு பாட்டியம்மா உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். “எந்த ரயிலுக்கும்மா நிக்கறீங்க? எல்லா ரயிலும் ஒண்ணுதானே போவுது” என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றிருந்தோம்.

அப்போது நாலாவது வண்டி வந்து நின்றது. எங்களுக்கு நேர் எதிரே ஜன்னலோரத்தில், முகத்துக்கு நேராகப் பேப்பரை விரித்துக்கொண்டு ஒருவர். பேப்பருக்கு மேலே வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

“எங்கண்ணன்!” என்றாள் இவள்.

“பேப்பர்தானே தெரியுது.”

“அந்தச் சொட்டைய எனக்குத் தெரியாதாங்க? வாங்க, ஏறுவோம்.”

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “இரு. அவர் முன்னாடி போய் உக்காரட்டும். நாம பின்னாடி போனா நாமதான் ஜெயிச்சோம்.” கதவோரம் நின்றிருந்தவள் ஏறவில்லை. வண்டி கிளம்பியது. பேப்பர் கொஞ்சம் இறங்கியது. இரண்டு கண் எங்களையும் எங்கள் மூட்டையையும் பார்த்தன. பேப்பர் மறுபடி மேலே போய்விட்டது.

அடுத்த வண்டியில் வெற்றி வீரனாகத் திரிசூலத்தில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒரு நாய் இருந்தது. அவர் இல்லை.

முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இல்லை. எங்களைப் பல்லாவரத்தில் பார்த்தவர், இங்கே இறங்கினால் முதலில் வந்தவராகிவிடுவோம் என்று இறங்காமலே போயிருந்தார். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் நான் என்ன செய்வேன் என்று எண்ணினாரோ அதையே செய்திருந்தேன்.

என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஒரு விமானம் வயிறு தெரிய இறங்கியது. அண்ணாந்தே பார்க்கவில்லை.

“வந்தாரு, பாத்தாரு, போயிட்டாரு” என்றாள். “ஏறுன்னேன். ஏற வுட்டீங்களா நீங்க? எம் மவ கையில ஏற வேண்டிய வளையலு அது. ஜெயிக்கிறதுக்கு இதென்ன கபடியா?”

பேனரும் நான் அடித்தது, பல்லாவரமும் நான் போட்ட திட்டம். ஒரு வண்டி வந்தது, அவர் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. இன்னும் அரை மணி நேரத்துக்குள் நாங்கள் கிளம்பியாக வேண்டும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்கு ரோட்டைக் கடந்து, இந்த வெங்காயத்தோடு பெட்டியைத் தேட வேண்டும். அவள் தூக்கை மடியில் வைத்து மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தாள், அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம், கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற வண்டி வந்து நின்று போனது. அது போனபின் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால அட்டவணைப் பலகையைத் தொல்லியல்காரர் கல்வெட்டைப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டு நின்றார். அடுத்த ஸ்டேஷனான மீனம்பாக்கம்வரை போய்த் திரும்பியிருக்கிறார். பலகையை முடித்துவிட்டு, நடந்து வந்து, எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

“அட, மாப்ள! நீங்க எங்க இங்க?”

“கோயிலுக்கு வந்தோம் மச்சான்.”

“ஓ. நான் ஏர்போர்ட்டுக்கு வந்தேன்.”

ரயிலிலிருந்து இறங்கியதை நாங்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம் என்பதை அவரும் சொல்லவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தாள்.

“ஒடம்புக்கு என்னன்னு கேளுங்க.”

“சர்க்கரைன்னு சொல்லுங்க மாப்ள.”

“மாத்திரை ஒழுங்கா போடுறாரான்னு கேளுங்க.”

“அதையெல்லாம் கேக்க மூணு வருசம் ஆச்சான்னு கேளுங்க.”

நான் கேட்கவில்லை. அரியலூரில் சித்தப்பா கட்டிலில் செய்த வேலையை நான் இங்கே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன். இவள் தூக்கைத் திறந்து, டிபன் பாக்ஸில் புளிச்சோறும் மோர்மிளகாயும் வைத்து என் மடியில் வைத்தாள். நான் அவர் பக்கம் நகர்த்தினேன்.

“பசியில்ல. கல்யாணத்துல நனைக்காத கைய இங்க நனைப்பனா?” என்றார். என்றவர் பேண்ட் பையில் கைவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்தார். “ஸ்பூன்ல சாப்டா கை நனைச்சதா ஆவாது. தூக்கிட்டுப் போக உங்களுக்குக் கனமா இருக்குமேன்னுதான்.” ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போகிறவர் வீட்டிலிருந்து எதற்காக ஸ்பூன் எடுத்துவந்தார் என்று நான் கேட்கவில்லை. என் மடியில் இருந்தபடியே பாக்ஸ் காலியானது. கடைசியில் ஒட்டியிருந்த நிலக்கடலையைச் சுரண்டும் சத்தம் ஒரு விமானச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கடற்கரை வண்டி வருவதாக அறிவிப்பு வந்தது. இதை விட்டால் சென்ட்ரல் வண்டி கிடைக்காது. நான் மூட்டையை இழுத்தேன். அப்போதுதான் என் மனைவி பதினேழு நாள் பஞ்சாயத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக் குனிந்து நேராகக் கேட்டாள்.

“அண்ணே, உன் மருமவளுக்கு வளையல் போட வருவியா, மாட்டியா?”

அவர் ஸ்பூனைத் துடைத்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் சொன்னார். கல்யாண வாசலில் தன்னை நிற்க வைத்துச் சனம் சிரித்ததை மறக்க முடியாது என்றார். தாடியோடு அழுகிறவனைத் தாய்மாமன் என்று போட்ட வீட்டில் தனக்கு என்ன வேலை என்றார். அதனால் வளைகாப்புக்கு வருவேன் என்று மனசில் வச்சுக்காதீங்க, ஏர்போர்ட்டுக்கு வந்தேன், வெயிலுக்கு உட்கார்ந்தேன், தற்செயல், அவ்வளவுதான் என்றார்.

இவள் காலி டிபன் பாக்ஸை மூடினாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி வளைவில் தெரிந்தது.

மச்சான் சட்டைக்குள் கைவிட்டு, பனியனோடு செருகி வைத்திருந்த காகித உறையை எடுத்தார். உள்ளே ஸ்டுடியோவில் எடுத்த புதுப் படம். மழமழவென்று சவரம் செய்த முகம், கறுப்பு மீசை, கூலிங் கிளாஸ், காதில் செல்போன், ஒரு கால் முன்னால் வைத்து நடந்து வருகிற மாதிரி. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, படத்தைத் தன் தொடைமேல் கவிழ்த்து, அதன் முதுகில் ‘மேல் வரிசை, நடுவில்’ என்று எழுதி, மை காய இரண்டு தரம் ஊதிவிட்டு, என்னைத் தாண்டித் தங்கச்சி கையில் கொடுத்தார்.